ஸ்டாப்பில் நிற்கிறவர்

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அவள் செய்கிற முதல் வேலை போனைக் காதில் வைப்பது. தலைப்பைச் சரி செய்வது, பையை மடியில் வைப்பது, டிக்கெட் வாங்குவது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

"ஹான் ஜி, பஸ் மே பைட் கயீ. ஆப் ஸ்டாப் பே கடே ரஹ்னா."

பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டேன், நீங்கள் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருங்கள் என்று அர்த்தம். புருஷனிடம் பேசுகிறாள். முன்னால் இரண்டு சீட்டு, பின்னால் இரண்டு சீட்டுக்குக் கேட்கிற அளவு குரல். கத்தவும் மாட்டாள், முணுமுணுக்கவும் மாட்டாள். ஒன்று சொல்வாள், நிறுத்துவாள், தலையை ஆட்டுவாள், "அச்சா, அச்சா" என்பாள், பிறகு அடுத்ததைச் சொல்வாள். சில நாள் நடுவில் சிரிப்பும் வரும்.

அவளோடு நாலு வருஷம் போய் வந்தேன். மயூர் விஹாரிலிருந்து மோதி பாக். காலையில் போகும்போது பனிக்காலத்தில் இருட்டு விலகியிருக்காது. திரும்ப வந்து இறங்கும்போது ஆறு, ஆறரை ஆகும். மெட்ரோவில் போனால் பாதி நேரம்தான். ஆனால் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது, கண்டக்டர் ரோஸ் கலரில் ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிடுவார். அதனால் வீட்டு வேலைக்குப் போகிற நாங்கள் எல்லாரும் பஸ்தான்.

நான் மோதி பாக் கவர்மெண்ட் குவார்ட்டர்ஸில் மூன்று வீட்டுக்குச் சமையல். அவள் அதே குவார்ட்டர்ஸில், படுத்த படுக்கையாக இருந்த ஒரு அம்மாவைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்கிற வேலை. அவள் ஆத்தூர்ப் பக்கம், நான் கள்ளக்குறிச்சிப் பக்கம். ஊரில் இருந்திருந்தால் ஒரு பஸ் ஏறினால் போய்விடுகிற தூரம். அவள் பேரை இங்கே சொல்லப்போவதில்லை. தான் இருக்கிற இடமும் இருக்கிற நிலையும் வெளியே தெரியக் கூடாது என்று நினைத்தவள். ஒரு தடவை நான் அதைக் கெடுத்தது போதும்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். டில்லிக்கு வந்து முப்பத்தாறு வருஷம். வீட்டுக்காரர் போய்ப் பதினாறு வருஷம். மகன் ஓசூரில் இருக்கிறான், வா வா என்கிறான், நான் போகவில்லை. என் கையால் வைத்த ரசத்துக்கு ஒரு பெரிய ஆபீசர் தன் மீட்டிங்கைத் தள்ளி வைத்திருக்கிறார். பஸ் போர்டில் இருக்கிற இந்தி எழுத்து எனக்குத் தெரியாது, தமிழே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் இந்த ஊரில் நான் வழி தவறியது கிடையாது. துணைக்கு வா என்று ஒருத்தரையும் கூப்பிட்டதும் கிடையாது. அதனால் பஸ் ஏறியதும் புருஷனைக் கூப்பிடுகிற அவளைப் பார்த்தால் எனக்கு இளப்பமாகத்தான் இருந்தது.

"ஏன்டி, பஸ்ல குந்துனதுக்குக்கூட அந்த ஆளுக்குத் தகவல் சொல்லணுமா?"

"சொல்லலைன்னா கோச்சுக்குவாருங்க்கா."

"எங்க வேலை செய்யிறாரு?"

"தாணா கேண்டீன்லங்க்கா."

தாணா என்றால் போலீஸ் ஸ்டேஷன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொன்னாள். நாங்கள் தமிழில் பேசிக்கொண்டிருந்தாலும் அந்த வார்த்தை பஸ்ஸில் எல்லாருக்கும் புரியும். எதிர் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஆள் காலை மடக்கிக்கொண்டான்.

"அவரு இந்திக்காரரா?"

"இல்லீங்க்கா. நம்ம ஆத்தூருதான்."

"பின்ன ஏன் இந்தியில பேசுறே? தமிழ் மறந்துபோச்சா அவருக்கு?"

அவள் சிரித்தாள். "ஸ்டாப்புல ஒரு ஆளு நிக்குதுன்னு பஸ்ல இருக்கிறவங்களுக்கும் தெரியட்டுமேங்க்கா."

சாமர்த்தியக்காரி என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போவதில் அவளுக்கு எத்தனையோ கணக்கு. ஜன்னலோரம் உட்கார மாட்டாள். எழுந்து போக வழி இருக்காதாம். பஸ்ஸில் ஏறியதும் கண்ணால் ஒரு சுற்றுப் பார்ப்பாள், யார் காய்கறிப் பை வைத்திருக்கிறார்கள் என்று.

"காய் வாங்கிட்டுப் போறவ பக்கத்துல உக்காருங்க்கா. அவ வீட்டுக்குப் போறவ. அவளுக்கு அடுப்பு நெனப்புத்தான் இருக்கும். நமக்கு ஒன்னுன்னா சத்தமும் போடுவா."

தன்னோடு சேர்ந்து எந்த ஆம்பளையாவது இறங்குவதற்கு எழுந்தால் அவள் எழுந்திருக்க மாட்டாள். அடுத்த ஸ்டாப் வரைக்கும் போய்க் கூட்டத்தோடு இறங்கித் திரும்ப நடந்து வருவாள். ஒரு நாள் அப்படி எழுந்தவருக்கு எண்பது வயசு இருக்கும். கைத்தடி ஊன்றி, கம்பியைப் பிடித்து, தள்ளாடி நிற்கிறார். இவள் உட்கார்ந்துவிட்டாள். அவளோடு நானும் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, பனியில் திரும்ப நடந்தேன். எனக்குக் கோபம்.

"அந்தக் கெழவன் உன்னைத் தூக்கிட்டுப் போயிடுவானாடி?"

"கெழவனுக்கு மவன் இருப்பானுங்க்கா."

அவள் பையில் மேலாகத் தெரிகிற மாதிரி ஒரு ஆண்பிள்ளை பனியனும் ஷேவிங் பிளேடு பாக்கெட்டும் இருக்கும். அவருக்கு வாங்கினேன் என்பாள். ஆறு மாசமாக அதே பாக்கெட் அதே பையில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. நாம் இளப்பமாகப் பார்க்கிறவர்களை நாம் சரியாகப் பார்ப்பதில்லை.

புருஷனைப் பற்றி அவள் சொல்லும் கதைகளில் ஒன்றை அடிக்கடி சொல்வாள்.

"அவரோட ரயில்ல வந்தா உசிரு போயி உசிரு வருங்க்கா. நாக்பூர்ல தண்ணி புடிக்க எறங்குவாரு. வண்டி நகந்தாலும் அசைய மாட்டாரு. பாட்டில் கழுத்து வரைக்கும் ரொம்பணும் அவருக்கு. நான் கதவைப் புடிச்சிக்கிட்டுக் கத்துவேன். கடைசிப் பெட்டியில தொத்திக்கிட்டு, பெட்டி பெட்டியா நடந்து வந்து சேருவாரு."

"வந்து என்னா சொல்லுவாரு?"

"தண்ணி ஜில்லுன்னு இருக்கு, குடின்னுவாரு."

பஸ்ஸில் அலுத்துப்போய் உட்கார்ந்திருக்கும்போது நானே கேட்பேன், அந்த நாக்பூர்க் கதையைச் சொல்லு என்று. ஒவ்வொரு தடவையும் புதுசாகச் சொல்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரசப்பொடி அரைத்து எடுத்துக்கொண்டு அவள் அறைக்குப் போனேன். வாசலில் ஆம்பளைச் செருப்பு ஒரு ஜோடி, உள்பக்கம் பார்த்து இருந்தது. கம்பியில் நீலச் சட்டை சொட்டிக்கொண்டிருந்தது. கதவைப் பாதி திறந்து வெளியே வந்தவள், "அவரு தூங்குறாருங்க்கா, ராத்திரி டூட்டி" என்று மெதுவாகச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். படியில் உட்கார்ந்தோம். எனக்கு டீ கொண்டுவந்தாள். நான் குடித்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதே டம்ளரை அலம்பித் தனக்கு ஊற்றிக்கொண்டாள். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் ஒரு டம்ளர்தானா என்று நான் கேட்கவில்லை. ஒருத்தர் வீட்டுப் பாத்திரத்தைப் பற்றிக் கேட்பது மரியாதை இல்லை.

பிறகு ஒரு பனிக்காலம். சாயங்காலம் ரிங் ரோடில் பஸ் நகரவே இல்லை. அவள் தூங்கிவிட்டாள். மடியிலிருந்து போன் சறுக்கி என் காலடியில் விழுந்தது. பழைய பட்டன் போன், பின் மூடி உடைந்து ரப்பர் பேண்ட் போட்டிருப்பாள். விழுந்த வேகத்தில் ரப்பர் கழன்று மூடி திறந்துகொண்டது. எடுத்துப் பார்த்தேன். உள்ளே பேட்டரி இல்லை. பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் நாலாக மடித்த ஒரு அட்டைத் துண்டு இருந்தது, ஆடாமல் இருப்பதற்கு.

மூடியைப் போட்டு, ரப்பரை மாட்டி, அவள் மடியில் திரும்ப வைத்துவிட்டு நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் விழித்தாள். நான் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். போனைக் காதில் வைத்தாள். இந்தியில் பேசவில்லை.

"ஏனுங்க. அந்தம்மா இன்னிக்கு ரெண்டு வாய் சாப்புட்டாங்க. என் கையைப் புடிச்சிக்கிட்டு விடலை." நிறுத்தினாள். "எனக்கு முட்டிதான் வலிக்குது. எண்ணெய் காய்ச்சணும்." நிறுத்தினாள். "உங்களுக்கு இருமல் எப்படி இருக்குது?"

அந்த நிறுத்தம் ரொம்ப நீளமாக இருந்தது. இந்தியில் பேசும்போது இவ்வளவு இடம் விட மாட்டாள். பஸ்ஸில் அந்தப் பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்ள என்னைத் தவிர யாரும் இல்லை. இந்தி ஊருக்காக. தமிழ் அவளுக்காக.

நல்ல மனசு இருக்கிறவளுக்கு அந்த இடத்தில் இரக்கம் வந்திருக்கும். எனக்குப் பெருமைதான் வந்தது. நானும் தனி, இவளும் தனி. நான் தலை நிமிர்ந்து அதைச் சொல்லிக்கொண்டு திரிகிறேன், இவள் அட்டைத் துண்டோடு குடும்பம் நடத்துகிறாள் என்று நினைத்தேன். வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நாக்பூர்க் கதையை நான் கேட்கவில்லை.

பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு நாலா ஓரமாகப் பேட்டரி ரிக்ஷாவில் போக வேண்டும். நாலா என்றால் பெரிய சாக்கடை வாய்க்கால். ஒரு பக்கம் அது, இன்னொரு பக்கம் நீளச் சுவர். விளக்கு ஒன்று எரிந்தால் இரண்டு எரியாது. ஒரு வண்டியில் நாலு பேர். முதலில் ஒரு பெங்காலிப் பெண்ணும் ஒரு பீஹார்ப் பெண்ணும் இறங்குவார்கள், அடுத்து நான். கடைசியில் அவள் ஒருத்திதான். அங்கிருந்து அவள் சந்து வரைக்கும் டிரைவரும் அவளும் மட்டும். அந்தக் கடைசித் துண்டு ரோட்டுக்காகத்தான் அவளுடைய புருஷன் வந்து நிற்பது. பஸ் ஸ்டாப்பில் ஆளைக் காணோமே என்று கேட்டால், இங்கே வர நேரமில்லை, சந்து முனைக்கு வந்துவிடுவார் என்பாள். தினமும் நான் இறங்கும் முன்னால் போனைக் காதில் வைத்து, சந்து முனைக் குழாயடிக்கு வந்துவிடுங்கள் என்று இந்தியில் சொல்வாள்.

அன்றைக்குப் பெங்காலிக்காரி அவளைப் பார்த்து, கொடுத்துவைத்தவள் நீ, தினம் தவறாமல் வந்து நிற்கிறாரே என்றாள். பீஹார்க்காரி என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, "பேச்சாரி அம்மாஜி" என்றாள். பாவம் என்று அர்த்தம். எனக்குச் சுருக்கென்றது. யாரைப் பார்த்துப் பாவம் என்கிறாள்?

அதோடு முடிந்திருந்தால் சரி. இவள் நல்லது செய்கிற நினைப்பில் போனை எடுத்தாள். இந்தியில் சொன்னாள்: "கேளுங்க ஜி, நம்ம அக்கா அகேலி இருக்காங்க, அவங்களுக்கு யாரும் இல்லை. நாளையிலேருந்து அவங்களையும் வீடு வரைக்கும் விட்டுட்டு வரணும், அச்சா?"

அகேலி என்றால் தனி ஆள். முப்பத்தாறு வருஷத்தில் நான் வாங்காத இரக்கத்தை, இல்லாத ஒரு ஆளிடம் எனக்காகக் கேட்கிறாள். டிரைவருக்கும் கேட்கிற மாதிரி.

இந்தியிலேயே சொன்னேன். எனக்கும் இந்தி வரும் என்று எல்லாருக்கும் தெரியட்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். "யாருகிட்டடி பேசுறே? அந்த போன்ல பேட்டரியே கெடையாது. இவளுக்குப் புருஷனும் கெடையாது, ஒன்னும் கெடையாது."

பீஹார்க்காரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள், சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. முன்னால் டிரைவர் கையை உயர்த்தினான். தலைக்கு மேல் இருந்த கண்ணாடியை மெதுவாகத் திருப்பினான், அவள் முகம் தெரிகிற மாதிரி.

அதைப் பார்த்த பிறகுதான் நான் சொன்னது என்ன என்று எனக்குப் புரிந்தது.

என் வீட்டு முனையில் நான் இறங்கியதும் அவளும் இறங்கிவிட்டாள். வண்டி கண் மறையும் வரை நின்றாள். பிறகு சொன்னாள்:

"அக்கா, நீங்க அதைத் தமிழ்ல சொல்லியிருக்கலாம்."

கோபமே இல்லை அந்தக் குரலில். அது இருந்திருந்தால் எனக்கு நல்லதாகப் போயிருக்கும்.

"நீ மட்டும் நான் தனியா இருக்கிறதை இந்தியில சொல்லலாமா?" என்றேன்.

யோசித்தாள். "தப்புதாங்க்கா. உங்க கூடவும் ஒரு ஆளு வருதுன்னு சொல்லணும்னுதான் நெனச்சேன். தனின்னு வாயில வந்துடுச்சு."

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். போகப்போகிறாள் என்று நினைத்தேன். அப்போது அதையும் சொன்னாள்.

"நாக்பூர்க் கதை சொல்லுவேனே. அவரோட ரயில்ல வந்தது அந்த ஒரு வாட்டிதாங்க்கா. தண்ணி புடிக்க எறங்கினாரு. வண்டி கெளம்பிடுச்சு. கடைசிப் பெட்டியில ஏறியிருப்பாருன்னு நான்தான் பெட்டி பெட்டியா நடந்தேன்."

"எத்தினி வருஷமாச்சு?"

"பதினொன்னு."

அவள் நடந்தாள். அங்கிருந்து அவள் சந்துக்குப் பத்து நிமிஷம். போன் பைக்குள் இருந்தது. இரண்டாவது விளக்குக் கம்பம் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். இரு, நானும் வருகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. யாரையும் துணைக்குக் கூப்பிடாதவளுக்குத் துணைக்குப் போகவும் தெரியாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் ரிக்ஷா ஸ்டாண்டில் அந்த டிரைவர், "பாபி, கேண்டீன்வாலே பையா எப்படி இருக்கார்?" என்று கேட்டான். அண்ணி, கேண்டீன்கார அண்ணன் சுகமா என்று அர்த்தம். மற்ற டிரைவர்கள் சிரித்தார்கள். அவள் வண்டியில் ஏறவில்லை. நடந்து போனாள். அடுத்த நாளும் ஒரு வண்டி அவள் பக்கத்திலேயே, அவள் நடைக்குத் தகுந்த மாதிரி மெதுவாகப் போனதைப் பார்த்தேன். அவளே என்னிடம் வரட்டும், அக்கா கூட வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், போகலாம் என்று இருந்தேன். பஸ்ஸில் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவள் போனை எடுக்கவே இல்லை. இப்படி நாலு நாள்.

ஐந்தாம் நாள் என் வீறாப்பை விட்டுவிட்டேன். இன்றைக்கு உன்னோடு உன் வாசல் வரைக்கும் வருகிறேன், நாளைக்கும் வருகிறேன் என்று சொல்ல வார்த்தையெல்லாம் தயார் செய்துகொண்டு நின்றேன். பஸ் வந்தது. அவள் இல்லை. மோதி பாக்கில் அந்த நோயாளி அம்மா வீட்டில் கேட்டேன். நேற்றோடு வேலையை விட்டுவிட்டாள், எங்கே போகிறாள் என்று சொல்லவில்லை என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் அறைக்குப் போனேன். பூட்டியிருந்தது. கம்பியில் சட்டை இல்லை. வீட்டுக்காரம்மா ஹரியானாக்காரி, மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"மதராஸி அம்மாஜி நீதானே? உனக்குன்னு கொடுத்துட்டுப் போனா."

பைக்குள் அந்த ஆம்பளைச் செருப்பு ஒரு ஜோடி.

"இது எதுக்குன்னு கேட்டேன்," என்றாள் வீட்டுக்காரம்மா. "அம்மாஜிக்குத் தெரியும்னு மட்டும் சொன்னா. வேற ஒன்னும் சொல்லல."

நான் தனியாக இருக்கிறேன் என்பதை இந்தத் தடவை அவள் இந்தியில் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தேன். அடியில் கடைக்காரன் ஒட்டிய நம்பர் சீட்டு அப்படியே இருந்தது. எட்டாம் நம்பர். ஒரு கல் குத்திய தடம்கூட இல்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். எனக்கு எதற்கு இது என்று மழைக்காலம் வரைக்கும் அதைத் தொடவில்லை.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் யாரோ ஒருத்தன் கதவைத் தட்டி, ஏதோ கணக்கெடுப்பு என்றான். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டான். கையில் காகிதம் இல்லை, பேனா இல்லை. உள்ளே எட்டி எட்டிப் பார்த்தான். ரெண்டு பேர் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அவன் போன பிறகு கட்டிலுக்கு அடியில் கையை விட்டு அந்தப் பையை எடுத்தேன். இப்போது அது என் வாசலில் இருக்கிறது. காலையில் உள்பக்கம் பார்த்து வைத்துவிட்டுப் போகிறேன். வந்ததும் லேசாகத் திருப்பி வைக்கிறேன்.

அவள் எந்த ஊர் பஸ்ஸில் போகிறாளோ தெரியாது. அந்த ஊரில் அவள் பாஷை தெரிந்தவர்கள் இல்லாமல் இருந்தால் நல்லது என்று நினைப்பேன். பிறகு, அப்படி இருந்தால் அவள் யாரிடம் பேசுவாள் என்றும் நினைப்பேன்.

நான் இன்னும் மோதி பாக் போகிறேன், இப்போது ஒரு வீட்டுக்கு மட்டும். சாயங்காலம் பஸ் ஏறினால் ஒரு சுற்றுப் பார்த்து உட்காருகிறேன். போனைக் காதில் வைக்கிறேன். என் போனில் பேட்டரி இருக்கிறது, நம்பர்தான் எதையும் அழுத்துவதில்லை. முதலில் என் அரைகுறை இந்தியில், பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டேன், ஸ்டாப்பில் நில் என்று சொல்கிறேன். நாலு பேர் திரும்பிப் பார்த்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகு குரலைத் தாழ்த்திக்கொள்கிறேன்.

"போய்ச் சேந்துட்டியாடி?"

அவள் விடுகிற மாதிரியே நீளமாக இடம் விடுகிறேன். ஒரு ஸ்டாப் வந்து போகிறது.

"நான் காய்கறிப் பைக்காரி பக்கத்துலதான் குந்தியிருக்கேன்."